தாய்மாமன் முகத்தில் விழுந்த வெட்டு

பேனரில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். மூக்கு வரைக்கும் நன்றாகத்தான் சிரித்தேன். மூக்கைத் தாண்டியதும் வாய் ஒரு பக்கம், கன்னம் ஒரு பக்கம் நகர்ந்து, யாரோ என் படத்தை நெடுக்காக அறுத்து, குடித்துவிட்டு ஒட்டியது போல இருந்தது. ஒரு கண் இரண்டாகத் தெரிந்தது. அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் 'தாய்மாமன்' என்று போட்டிருந்தார்கள். 'தாய்' ஒழுங்காக நின்றது. 'மாமன்' ஆடிப்போயிருந்தான்.

மலைமேல் செம்மேட்டில் என் தங்கை வீட்டு வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேனரை இரண்டு பேர் விரித்துப் பிடித்திருந்தார்கள். சுற்றி நின்றவர்கள் எல்லாம் அவள் புகுந்த வீட்டுச் சொந்தம். அதில் ஒரு அம்மா, பாவம், ஆறுதலாகத்தான் சொன்னார்.

"பரவால்லீங்க. தூரத்துல நின்னு பார்த்தா தெரியாதுங்க."

அவ்வளவுதான். அதுவரை அடக்கி வைத்திருந்த சிரிப்பெல்லாம் கொட்டிவிட்டது. பந்தல்காரர் ஏணியிலிருந்து இறங்கி வந்து பார்த்துவிட்டுப் போனார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. படம் என்னுடையது என்பதற்காக மட்டும் இல்லை. அந்தப் பேனரை அடித்த மிசினுக்கு முந்தின வாரம் புது ஹெட் மாட்டியவனும் நான்தான்.

உள்ளங்கை அளவுப் பொருள்

நான் பேளுக்குறிச்சிக்காரன். சந்தைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறேன். ஃபிளெக்ஸ் பிரிண்டர் ரிப்பேர் பார்ப்பது பிழைப்பு. பேனர் அடிக்கிற அந்தப் பெரிய மிசினில், மையைத் துளித்துளியாகத் துப்புகிற பாகத்துக்கு ஹெட் என்று பெயர். உள்ளங்கையில் அடங்கிவிடும். ஆனால் மிசினுக்கு உயிரே அதில்தான். மை இறங்குகிற ஓட்டைகள் கண்ணுக்கே தெரியாது. கொஞ்ச நாள் ஓட்டாமல் போட்டால் அடைத்துக்கொள்ளும். அப்புறம் அழுதாலும் திறக்காது.

தங்கை வளர்மதியின் வீட்டுக்காரர் குமரேசன் செம்மேட்டில் பேனர் கடை வைத்திருக்கிறார். முன்பக்கம் கடை, பின்பக்கம் குடும்பம். மாப்பிள்ளை கம்ப்யூட்டரில் டிசைன் போடுவார். வளர்மதி மிசினை ஓட்டுவாள். மாப்பிள்ளையின் அம்மா பாவாயி அத்தை, அடித்த பேனரின் ஓரங்களில் கயிறு கோக்கிற பித்தளை வளையத்தை அடிப்பார். சுத்தியலால் ஒரே போடு, வளையம் உட்கார்ந்துவிடும். அவர் பேச்சும் அப்படித்தான்.

மழைக்காலம் முழுக்க மலையில் ஈரமும் குளிருமாக இருந்து, பழைய ஹெட் படுத்துவிட்டது. புது ஹெட்டை வாங்கி, தெர்மாகோல் பெட்டியோடு மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வளைவுக்கு வளைவு ஜன்னல் பக்கம் தலையை நீட்டுகிற கூட்டத்துக்கு நடுவில், நான் மட்டும் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி இருந்தேன். பக்கத்து சீட்டுக்காரர், "முட்டைங்களா தம்பி?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தால் பெட்டி கை நழுவிவிடும்.

மாட்டினேன். ஹெட்டின் மேல் ஒட்டியிருந்த வோல்டேஜ் எண்ணை மிசினில் பதிந்தேன். ஹெட் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடும்போது, போகையில் விழுகிற கோடும் வருகையில் விழுகிற கோடும் ஒன்றின் மேல் ஒன்று உட்காருகிறதா என்று பார்த்தேன். நூல் பிடித்த மாதிரி உட்கார்ந்தது. மாப்பிள்ளைக்கு முகமெல்லாம் பல்.

"அண்ணா, பூஜை போட்டுட்டுப் போங்கண்ணா. புதுச் சாமான் மாட்டியிருக்கீங்க" என்றாள் வளர்மதி.

வாசலூர்பட்டியில் ஒரு தங்கும் விடுதிக்காரர் அன்றைக்கே வரச் சொல்லியிருந்தார். ஏரிக்கரையில் கூட்டம் சேருகிற நாள், அவருடைய பிரிண்டர் மக்கர் பண்ணியது. எனக்கு அவசரம்.

"நீயே போட்டுக்க கண்ணு. உங்கையி பட்டா போதும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

போலீஸ்காரன் மாதிரி ஒரு அண்ணன்

இந்த இடத்தில் என் புத்தியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

எங்கள் அப்பா அம்மா போன பிறகு வளர்மதிக்குப் பிறந்த வீடு என்றால் அது நான்தான். அவளை மலைக்குக் கட்டிக்கொடுத்ததில் எனக்கு ஆரம்பத்திலிருந்தே இஷ்டமில்லை. அங்கே போகும்போதெல்லாம் போலீஸ்காரன் மாதிரிதான் போவேன். அவள் இளைத்திருக்கிறாளா, கையில் காப்பு இருக்கிறதா, சோறு போடும்போது மாமியார் என்ன பார்வை பார்க்கிறார், இதெல்லாம்தான் என் கண்ணில் படும். அவள் சிரித்தால் எனக்காகச் சிரிக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். சிரிக்காவிட்டால் கேட்கவே வேண்டாம். "அங்க கஷ்டம்னா ஒரு போன் பண்ணு, வண்டி எடுத்துட்டு வாரேன்" என்று ஒவ்வொரு முறையும் காதைக் கடிப்பேன். "ஒண்ணுமில்லீங்கண்ணா" என்பாள்.

அந்த வீட்டில் யாரும் அவளை ஒரு குறை சொல்லிவிடக்கூடாது. எனக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே பயம் அதுதான். அந்தப் பயத்தை வைத்துக்கொண்டுதான் நான் நல்ல அண்ணன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டிருந்தேன்.

போன தை மாதமோ மாசியோ, தங்கை மகள் தேன்மொழிக்குச் சீர் வைத்தார்கள். பெண் பெரியவளானதற்குச் செய்கிற சடங்கு. எங்கள் பக்கத்தில் அதில் தாய்மாமன்தான் ராஜா. தட்டு வரிசை அவன் எடுத்து வரவேண்டும், மாலை அவன் போடவேண்டும். இப்போதெல்லாம் பேனரில் அவன் முகமும் இருந்தாக வேண்டும். கூலிங் கிளாஸ் போட்டு, செல்போனைக் காதில் வைத்து, யாரோ பெரிய மனுஷனிடம் பேசுகிற மாதிரி நிற்கிற மாமன்களை நானே எத்தனையோ மிசினில் பார்த்துச் சிரித்திருக்கிறேன். என் முறை வந்ததும் நானும் கூலிங் கிளாஸ் கேட்டேன். மாப்பிள்ளை மரியாதைக்காக மறுத்துவிட்டார்.

சீர் வேலையில் கடைக்கு வேறு வேலை எடுக்கவில்லை. ஹெட் மாட்டிய பிறகு அவர்கள் அடித்த முதல் பெரிய பேனரே இதுதான். சடங்குக்கு முதல் நாள், மாமன் என்கிற மிதப்போடு நான் மலையேறிப் போய் இறங்கினால், வாசலில் என் முகம் அறுந்து கிடக்கிறது.

"கழுவி மாட்டுன ஹெட்டுங்களா?"

சட்டையை மடித்துவிட்டு மிசினிடம் போனேன். மூடியிலும் பக்கவாட்டிலும் சந்தனப் பொட்டும் குங்குமமுமாக லட்சணமாக இருந்தது. பார்க்க மனதுக்கு நன்றாகக்கூட இருந்தது.

முதலில் ஓட்டைகளைச் சோதித்தேன். ஒரு கோடுகூட விடுபடவில்லை. குளிருக்கு மை கெட்டியாகியிருக்கும் என்று சொல்லி, ஹெட்டின் சூட்டை ஏற்றிவிட்டு இன்னொரு துண்டு அடித்தேன். அதே வெட்டு. போகிற கோட்டையும் வருகிற கோட்டையும் மறுபடி சேர்த்தேன். ஒரு பக்கம் சரியானால் மறுபக்கம் கெட்டது. மறுபக்கத்தைத் திருத்தினால் இந்தப் பக்கம் இளித்தது. மாப்பிள்ளை மேல் எரிந்து விழுந்தேன்.

"எதையாச்சும் நோண்டினீங்களா மாப்ள?"

"நான் தொடவே இல்லீங்க மச்சான்."

கடை வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. விருந்துக்கு வந்தவர்களுக்கு வேறு பொழுதுபோக்கு இல்லை. அதில் ஒருவர், மாப்பிள்ளைக்குப் பங்காளி முறை, முள்ளுக்குறிச்சியிலிருந்து வந்தவர், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார்.

"ஏனுங்க, இது கழுவி மாட்டுன ஹெட்டுங்களா? எங்க பக்கம் ஒருத்தன் அப்படித்தான் பழசைக் கழுவி, புதுசுன்னு தள்ளீட்டுப் போயிட்டான்."

பழைய ஹெட்டைக் கழுவிப் புதிது என்று விற்பது எங்கள் தொழிலில் நடக்காத காரியம் இல்லை. அதனால்தான் அது சுருக்கென்று தைத்தது. யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் வளர்மதியைப் பார்த்தார்கள். சொந்தத் தங்கை வீட்டிலேயே கைவரிசை காட்டிய அண்ணனின் தங்கை என்று அந்தப் பார்வை சொன்னது. அவள் முகம் செத்துப்போய்விட்டது.

எனக்குக் கோபம் வந்தால் காது இரண்டும் அடைத்துக்கொள்ளும். என்ன பேசினேன் என்பது முழுதாக நினைவில்லை. யாருடைய சட்டையையோ பிடிக்கப் போனதும், மாப்பிள்ளை நடுவில் புகுந்ததும் நினைவிருக்கிறது.

அப்போதுதான் பாவாயி அத்தை பேசினார்.

"போதுமுங்க. ஒரு கட்டி கற்பூரம் கொண்டாங்க. தம்பி அணைச்சுட்டுப் போகட்டும். அதோட இந்தப் பேச்சு முடிஞ்சுது."

அணைந்த கற்பூரம்

கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் கேள்வி கிடையாது. கேட்கிறவன்தான் கெட்டவன் ஆவான். ஊர்ப் பஞ்சாயத்தில், ஆடு காணாமல் போன இடத்தில், சொத்துத் தகராறில் பார்த்திருக்கிறேன். மாமன் சீர் செய்ய வந்த வீட்டில் மாமனையே அணைக்கச் சொல்லி நான் பார்த்ததில்லை.

அத்தை அப்படிச் சொன்னதும் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. திருடனை நிறுத்துகிற மாதிரி என்னை நிறுத்துகிறாளே இந்தப் பொம்பளை, இவளிடமா என் தங்கை இத்தனை வருஷம் சோறு தின்கிறாள் என்று மனதுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

மிசினுக்கு முன்னால் தட்டில் கற்பூரத்தை ஏற்றினார்கள். உள்ளங்கையால் ஓங்கி அடித்து அணைத்தேன்.

"புது ஹெட்டுங்க. நானே கட்டுப் பிரிச்சேன். என் தங்கச்சி மேல சத்தியம்!"

தங்கையை யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் சேர்த்தேன். அப்போது அது வீரமாகத் தெரிந்தது.

"அவளை எதுக்குங்க இழுக்கறீங்க?" என்றார் அத்தை. குரல் மாறியிருந்தது. நான் காதில் வாங்கவில்லை.

வெட்டு நகர்ந்தது

சத்தியம் பண்ணியாகிவிட்டது. பேச்சு நின்றது. ஆனால் வெட்டு நிற்கவில்லையே. மானம் போன சூட்டில்தான் கொஞ்சம் மூளை வேலை செய்தது.

ஹெட் கெட்டிருந்தால் கோளாறு பேனர் துணி முழுக்க விழும். இதுவோ ஒரே இடத்தில் நெடுக்காக விழுகிறது. கோளாறு படத்தில் இருக்கிறதா, மிசினில் இருக்கிறதா? படத்தை ஒரு முழம் தள்ளிவைத்து அடிக்கச் சொன்னேன். மாப்பிள்ளை அடித்தார். மெல்ல மெல்ல வெளியே வந்த துணியில் என் முகம் முழுசாக வந்தது. பக்கத்தில் இருந்த மாப்பிள்ளையின் மீசை அறுந்துவிட்டது.

"இப்ப மாப்பிள்ளைக்கு வந்துருச்சுங்க!" என்று கூட்டத்தில் ஒரு சத்தம். சிரித்தார்கள். எனக்கும் லேசாக உயிர் வந்தது. படம் நகர்ந்தாலும் வெட்டு அதே இடத்தில்தான் நிற்கிறது. அப்படியானால் ஹெட் குற்றவாளி இல்லை. ஹெட் ஓடுகிற பாதையில் அந்த இடத்தில் என்னவோ இருக்கிறது.

மிசினுக்குள் குறுக்கே கண்ணாடி நாடா என்று ஒரு பிளாஸ்டிக் பட்டை கட்டியிருப்பார்கள். அதில் மயிரைவிட மெல்லிய கோடுகள் நெருக்கமாக இருக்கும். ஹெட் ஓடும்போது அந்தக் கோடுகளை எண்ணிக்கொண்டே ஓடும். அதை வைத்துத்தான் தான் எங்கே இருக்கிறோம் என்று அதற்குத் தெரியும். நடுவில் அழுக்குப் பட்டுவிட்டால் எண்ணிக்கை தவறிப்போகும். அதற்கு அப்பால் துப்புகிற மையெல்லாம் இடம் மாறி விழும். மூடியை அன்றைக்கு எத்தனையோ தடவை திறந்திருந்தேன். ஒரு தடவைகூட என் கண் ஹெட்டைவிட்டு அங்கே போகவில்லை.

செல்போன் லைட்டை அடித்துப் பார்த்தேன்.

நாடாவின் மேல் ஒரு விரல் அகலத்துக்குச் சந்தனம். அதன் நடுவில் குங்குமம். காய்ந்து ஒட்டியிருந்தது.

நான் போட்ட சத்தம்

அந்த நொடியில் எனக்கு எல்லாம் தெரியும். பூஜையை அவளிடம் விட்டுவிட்டுப் போனவன் நான். மிசினை ஓட்டுகிறவள் அவள். மூடியைத் தூக்கி உள்ளே கைவிடத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். பின்னால் ஒரு நாள் அவளே சொன்னாள், "நீங்க கையி வெச்ச எடத்துக்கெல்லாம் பொட்டு வெச்சேங்கண்ணா" என்று.

ஸ்பிரிட் நனைத்த துணியால் ஒரு துடை துடைத்திருந்தால் காரியம் முடிந்தது. "இப்பச் சரியாப் போச்சுங்க" என்று சொல்லியிருந்தால் யாரும் மேற்கொண்டு கேட்டிருக்கப் போவதில்லை. கற்பூரம் அணைத்தவனை யார் கேட்பார்கள்?

ஆனால் நான் ஜெயித்துவிட்டேனே! துள்ளிக் குதிக்காத குறை. மூடியை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு, வாசலைப் பார்த்துக் கத்தினேன்.

"வந்து பாருங்க! எல்லாரும் வந்து பாருங்க! பழைய ஹெட்டாம், கழுவுன ஹெட்டாம்! யாருங்க இங்க சந்தனத்தை அப்புனது? மிசினைக் கெடுத்தது நானா, நீங்களா?"

கத்தி முடித்த பிறகுதான் வளர்மதியைப் பார்த்தேன். கையிலிருந்த காபித் தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். முள்ளுக்குறிச்சிப் பங்காளி மிசினைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "ஓ... ஊட்டுக்காரப் பொண்ணு வேலைங்களா?" என்று இழுத்தார். கூட்டமே அவள் பக்கம் திரும்பியது. அண்ணனுக்குத் திருட்டுப் பட்டம், மாமன் பேனர் பாழ், நாள் முழுக்கச் சண்டை, எல்லாவற்றுக்கும் காரணம் இவள்தானா என்று கேட்கிற பார்வை.

அவள் வாயைத் திறந்தாள். சொல்லிவிடப் போகிறாள் என்று தெரிந்தது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. இவ்வளவு நேரம் கத்திய வாய்க்கு அப்போது பூட்டு விழுந்துவிட்டது.

"நாந்தானுங்க வெச்சேன்."

பாவாயி அத்தை. எழுந்து வந்து மருமகளுக்கு முன்னால் நின்றுகொண்டார்.

"நாந்தான் வெச்சேன். மிசினுக்குப் பொட்டு வெக்கக் கூடாதுன்னு எவன் எனக்குச் சொன்னான்? வண்டிக்கு வெக்கறோம், மாட்டுக்கு வெக்கறோம். கண்ணாடி நாடா ஒண்ணு உள்ள இருக்கறதை நான் என்னத்தக் கண்டேன்? போங்க, போயி பந்தலைப் பாருங்க."

"ஏனுங்க பெரியம்மா, உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?" என்று பங்காளி சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். கிழவி மிசினுக்குப் பொட்டு வைத்து மாமன் மூஞ்சியை வெட்டிவிட்டாள் என்று அன்று முழுக்க அந்தக் கதைதான் பந்தியில் ஓடியது. அத்தையும் கூடச் சேர்ந்து சிரித்துக்கொண்டு சாம்பார் ஊற்றினார்.

நான் நாடாவைத் துடைத்தேன். மறுபடி அடித்த பேனர் அப்பழுக்கில்லாமல் வந்தது. அதில் என் முகத்தைப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை.

தட்டு வரிசைக்குப் பிறகு

மறுநாள் சீர் நன்றாகத்தான் நடந்தது. மேளம் கொட்ட, தட்டு வரிசையோடு போனேன். மாலை போட்டேன். தேன்மொழி காலில் விழுந்து கும்பிட்டாள். மாமன், மாமன் என்று ஆளாளுக்கு இழுத்துப் படம் எடுத்தார்கள். எல்லாப் படத்திலும் நான் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தக் கற்பூரத்தைப் புரிந்துகொள்ள எனக்கு முந்தின ராத்திரி முழுக்க ஆயிற்று. என்னைத் திருடன் என்று நிறுத்துவதற்காக அத்தை அதைக் கேட்கவில்லை. பேச்சு வளர்ந்தால் அது எங்கே போய் நிற்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. என் தங்கை முகம் செத்ததைப் பார்த்து, அதற்காக வாய் திறந்தவர் அவர். எனக்குத் தெரிந்ததெல்லாம் என் மானம் மட்டும்தான். இத்தனை வருஷமாக அந்த வீட்டில் நான் யாரை வேவு பார்த்துக்கொண்டிருந்தேனோ, அவர் வாயிலிருந்து அவளைப் பற்றி ஒரு குறை வந்து நான் கேட்டதில்லை. கூட்டத்துக்கு நடுவில் அவளைக் காட்டிக்கொடுத்தது என் வாய்.

சீர் முடிந்த சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்பினேன். வளர்மதி, "சூதானமாப் போங்கண்ணா" என்றாள், எப்போதும் போல. தலையாட்டிவிட்டுப் பையை எடுக்க உள்ளே போனேன். அத்தை என் பையில் மலை வாழைப்பழத்தையும் ஒரு பொட்டலம் மிளகையும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் யாரும் இல்லை. இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்லமாட்டோம் என்று தோன்றியது.

"அத்தைங்க, நேத்து நீங்க மட்டும் இல்லைன்னா... என் தங்கச்சியைக் காப்பாத்திட்டீங்க."

அவர் பையின் வாயை முடிச்சுப் போட்டு என் கையில் கொடுத்தார். கோபம் ஒன்றும் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலத்தான் கேட்டார்.

"யாருகிட்ட இருந்துங்க தம்பி?"